தமிழ் வகுப்பில் என்ன நடக்கிறது என்று வீட்டுக்குச் சொல்வது எப்படி? திருகோணமலைக்குப் புதிதாக வந்த தமிழ் ஆசிரியருக்கு

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை பாடசாலை வாசலை விட்டு நகராத அம்மாமார், பிள்ளை ஆறாம் ஆண்டுக்கு வந்ததும் கண்ணில் படுவதே இல்லை. பிறகு பத்தாம் ஆண்டில், சாதாரண தரப் பரீட்சைப் பயம் பிடித்த பிறகுதான் திரும்பத் தலைகாட்டுவார்கள். நடுவில் இருக்கிற நாலு வருடத்தில் தமிழ்ப் பாடத்துக்கு என்ன நடக்கிறது என்று பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ரியூசன் தேடி ஓடுகிற பெற்றோரிடம் தமிழைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "தமிழ்தானே சேர், பேசுற பாஷைதானே" என்பார்கள்.

இந்தக் கட்டுரை, கல்வியியற் கல்லூரி முடித்தோ பட்டதாரி நியமனம் பெற்றோ திருகோணமலை மாவட்டத்துக்கு முதல்முறையாக வந்து, ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளில் தமிழ்மொழியும் இலக்கியமும் படிப்பிக்கிறவர்களுக்கானது. நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவராக இருக்கலாம், மட்டக்களப்பில் இருந்தோ மலையகத்தில் இருந்தோ வந்தவராக இருக்கலாம். பெற்றோரோடு எப்படிப் பேசுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எங்கே போனாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பெற்றோருக்குப் புள்ளியைச் சொல்வதற்கு முன்பே பாடத்தைச் சொல்லிவிட வேண்டும். புள்ளி மட்டும் வீட்டுக்குப் போனால் பிள்ளைக்கு ஏச்சு விழும். பாடம் போனால்தான் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வரும்.

முதலில் பாடசாலைக்குள்ளே

வேலையை வீட்டில் இருந்து தொடங்கக்கூடாது, அதிபரின் அறையில் இருந்து தொடங்க வேண்டும். நீங்கள் பாட ஆசிரியர். பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் முகவரிகளும் வகுப்பாசிரியரிடம்தான் இருக்கும். அதிபரிடமும் பகுதித் தலைவரிடமும் "தவணைக்கு ஒரு கடிதம், கிழமைக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்ப நினைக்கிறேன்" என்று சொல்லி அனுமதி எடுங்கள். வகுப்பாசிரியர் ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தால் புதிதாக இன்னொன்று தொடங்க வேண்டாம். எட்டுப் பாடத்துக்கு எட்டுக் குழு என்றால் எந்த அம்மாவும் ஒன்றையும் திறந்து பார்க்கமாட்டார். அந்தக் குழுவிலேயே உங்கள் செய்தியையும் போட இடம் கேளுங்கள்.

கடிதத் தலைப்பு, அதிபரின் கையொப்பம் இதெல்லாம் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். கேட்டு நடந்தால் சரி.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி. அவசரப்படாமல் செய்யுங்கள்.

திருகோணமலை மாவட்டம் ஒரே மாதிரியான ஊர் இல்லை. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து கல்வி வலயங்கள். திருக்கடலூரில் அப்பா இரவில் கடலுக்குப் போய் விடியத் திரும்புகிறவராக இருக்கலாம். தம்பலகாமத்தில் அறுவடைக் காலத்தில் வீட்டில் பகலில் ஆளே இருக்காது. கிண்ணியாவிலும் மூதூரிலும் உம்மா மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, பிள்ளை மூத்தம்மாவோடு வளரலாம். உவர்மலைப் பக்கத்தில் அம்மா அப்பா இருவரும் அரச உத்தியோகத்தராக இருந்து, மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் வீட்டுக்கே வருவார்கள். ஒரே வகுப்பில் இந்த எல்லா வகை வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள். உங்கள் மாணவர்களின் பெற்றோரில் பலர் 1990இலும் 2006இலும் இடம்பெயர்ந்த குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். நடுவில் 2004இன் கடற்கோள் வேறு. சம்பூர் மக்கள் 2015க்குப் பிறகுதான் தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கினார்கள். முகாமில் இருந்த காலத்தில் படிப்பு இடையில் நின்றவர்கள் இந்தப் பெற்றோருக்குள் நிறையப் பேர். அவர்களிடம் "நீங்கள் எத்தனையாம் ஆண்டு வரை படித்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர்கள் பாடசாலைப் பக்கமே வரமாட்டார்கள். படிவத்திலும் அந்தக் கட்டம் வேண்டாம்.

அதற்குப் பதிலாக, தவணையின் முதற் கிழமையில் பிள்ளைகளிடம் அரைத்தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். நான்கு கேள்விகள் போதும்:

பிள்ளையின் படிப்பைப் பற்றி வீட்டில் யாரோடு பேசலாம்?
அவரோடு பேச வசதியான நேரம் எது?
செய்தியைக் கடதாசியில் தரலாமா, போனில் எழுதி அனுப்பலாமா, குரலில் பேசி அனுப்பலாமா?
வீட்டில் பாட்டு, கதை, பழமொழி நிறையத் தெரிந்தவர் யார்?

மூன்றாவது கேள்விதான் வாசிக்கச் சிரமப்படுகிறவரின் மானத்தைக் காப்பாற்றுகிறது. "குரல்" என்று புள்ளடி போட்டால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. நாலாவது கேள்வி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

தாள் திரும்பி வராத பிள்ளைகளின் பெயரைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த வீடுகளுக்குத்தான் உங்கள் தேவை அதிகம்.

தவணைக் கடிதம்

வருடத்துக்கு மூன்று தவணை, மூன்று கடிதம். ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஆசிரியர் வழிகாட்டியில் இருக்கிற "தேர்ச்சி", "கற்றற்பேறு" போன்ற சொற்களை அப்படியே இறக்கி வைத்தால் உங்களுக்கே அடுத்த நாள் விளங்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

இந்த வருடம் உங்கள் பிள்ளைக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். முதலாம் தவணையில் இரண்டு செய்யுளும் ஒரு சிறுகதையும் நாட்டார் பாடல்களும் படிக்கப் போகிறோம். எழுதுவதில் கடிதமும் கட்டுரையும் பழகுவோம். ஒரு பந்தியை வாசித்து அதில் இருந்து கேட்கும் கேள்விக்கு விடை எழுதவும் பழகுவோம்.

இந்தத் தவணையில் பிள்ளை முக்கியமாகப் பழக வேண்டியது, கதையில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லாமல், ஏன் அப்படி நடந்தது என்று தன் சொல்லில் எழுதுவது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கிழமைக்கு ஒருநாள் பிள்ளையை ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். நீங்கள் திருத்த வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

தமிழ்க் கொப்பி ஒவ்வொரு திங்கட்கிழமையும் வீட்டுக்கு வரும். கடைசிப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு குறிப்பு இருக்கும். என்னைச் சந்திக்க விரும்பினால் புதன்கிழமை பாடசாலை விட்டதும் வாருங்கள். அந்த நேரம் வசதி இல்லாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், வேறு நேரம் பார்ப்போம்."

இவ்வளவுதான். "ஒத்துழைப்பு வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்ற வரியை எழுதக் கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள். அந்த வரியைப் பார்த்ததும் இது காசு சேர்க்கிற கடிதம் என்று நினைத்து மடித்து வைத்துவிடுவார்கள்.

பெற்றோரிடம் கேட்கும் வேலை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஐந்து வேலை கேட்டால் ஒன்றும் நடக்காது. சத்தமாக வாசிப்பதைக் கேட்பதற்குப் படித்திருக்க வேண்டியதில்லை. மீன் வெட்டிக்கொண்டும் கேட்கலாம். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது கேட்கிற காதுக்கு விளங்கும்.

கிழமைச் செய்தி

வாட்ஸ்அப் செய்தியை நாலு வரிக்கு மேல் எழுத வேண்டாம். என்ன படித்தோம், வீட்டில் பிள்ளையிடம் என்ன கேட்கலாம் என்ற இரண்டு விடயமும் இருந்தால் போதும். ஒரு மாதிரி:

"அன்பான பெற்றோருக்கு. எட்டாம் ஆண்டில் இந்தக் கிழமை ஒரு சிறுகதை தொடங்கினோம். கடனை அடைக்கத் தன் தோணியை விற்பதா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு கிழவரின் கதை. இரவு சாப்பிடும்போது பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: நீயென்றால் விற்பாயா? ஏன்?"

கதை எதுவாகவும் இருக்கட்டும். கடைசியில் இருக்கிற "ஏன்" மட்டும் தவறக்கூடாது. நம் பிள்ளைகள் இலக்கிய வினாவில் புள்ளி இழப்பது பெரும்பாலும் அங்கேதான். "அவர் ஏன் அழுதார்?" என்று கேட்டால் கதையை முதலில் இருந்து சொல்லிக்கொண்டு வந்து அவர் அழுத இடத்தில் நிறுத்திவிடுவார்கள். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தரம் "ஏன்" என்று கேட்கப்பட்ட பிள்ளைக்கு வகுப்பில் அது புதுக் கேள்வியாக இருக்காது.

குரல் பதிவு கேட்டவர்களுக்கு இதையே பேசி அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசத் தேவையில்லை. அம்மம்மாமாருக்கு ஆசிரியரின் குரலைக் கேட்பதே பெரிய விசயம். பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு இன்னொரு தரம் போட்டுக் கேட்பார்கள்.

குழுவில் என்ன போடக்கூடாது என்பதில் கறாராக இருங்கள். புள்ளி போடக்கூடாது. கொப்பி கொண்டுவராத பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் போடக்கூடாது. திருத்திய விடைத்தாளின் படம் போடக்கூடாது, அது முதற்பிள்ளையின் தாளாக இருந்தாலும். "யார் முதலாம் பிள்ளை?" என்று ஒருவர் கேட்டால் அங்கேயே பதில் சொல்லாமல் விடுங்கள். முடியுமானால் குழுவில் நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவைக்க வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சிறுகதைக்கும் அடுத்த செய்திக்கும் நடுவில் நாற்பது காலை வணக்கப் படங்கள் வந்து விழும்.

முகமன் சொல்வதில் கவனம் தேவை. தமிழ்ப் பாடசாலையில் வணக்கம், முஸ்லிம் பாடசாலையில் ஸலாம். இரண்டு சமூகப் பிள்ளைகளும் படிக்கிற இடத்தில் "அன்பான பெற்றோருக்கு" என்று தொடங்கினால் எல்லோருக்கும் பொருந்தும். நேரம் என்றால் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு, எட்டு மணிக்கு முன். நண்பகலில் அனுப்பினால் விடிய விடியக் கடலில் நின்று வந்த மனிதரின் நித்திரையைத்தான் கெடுப்பீர்கள். முஸ்லிம் ஊர்களில் மஃரிப் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, அது முடிந்த பிறகு அனுப்புங்கள்.

டேட்டா முடிந்து, ரீலோட் பண்ணக் காசில்லாமல் இருக்கிற வீடுகளும் உண்டு. ஆகவே போனில் போகிற எதுவும் கொப்பியிலும் போக வேண்டும். வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது அந்த நாலு வரியைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கொண்டே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுவியுங்கள். எழுத்துப் பயிற்சியும் ஆச்சு. பெற்றோர் கையொப்பம் கேட்டால் சில கையொப்பங்கள் அண்ணன்மாருடையவையாக இருக்கும், அதைப் பெரிய குற்றமாக்க வேண்டாம். கையொப்பத்துக்குப் பதிலாக "வீட்டில் என்ன பதில் சொன்னார்கள்?" என்று ஒரு வரி எழுதிவரச் சொல்லுங்கள். "அப்பா விற்கமாட்டாராம், தோணி போனால் நாளைக்கு என்ன செய்வது என்று கேட்டார்" என்று ஒரு பிள்ளை எழுதிவந்தால், அந்த வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெற்றோரிடம் இருந்து வாங்க வேண்டியது

கணித ஆசிரியருக்குக் கிடைக்காத ஒரு வசதி தமிழ் ஆசிரியருக்கு இருக்கிறது. நம் பாடத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே வீடுகளில் இருக்கிறது. அரைத்தாளின் நாலாவது கேள்வி இதற்காகத்தான்.

நாட்டார் பாடல் பாடம் வரும் கிழமைக்கு முன், ஒரே ஒரு வேண்டுகோளை அனுப்புங்கள்: வீட்டில் யாருக்காவது தெரிந்த ஒரு தாலாட்டையோ, வயல் பாட்டையோ, விடுகதையையோ பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கரையோர ஊர்களில் அம்பாப் பாட்டு கேளுங்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடுவது அது. உழவு இயந்திரம் வைத்து வலை இழுக்கத் தொடங்கிய இடங்களில் அந்தப் பாட்டு நின்றுபோனது, ஆனால் வயதானவர்களுக்கு இன்னும் வாயில் இருக்கிறது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் "கவி" என்று சொல்லுகிற நாலடிப் பாடல்கள் உண்டு. அவற்றில் பாதி காதல் சங்கதி, வகுப்பில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் எதைச் சத்தமாக வாசிப்பது என்று முதலில் நீங்கள் பார்த்துத் தெரிந்தெடுங்கள், பிறகு ஒரு உம்மா வந்து கேள்வி கேட்கிற நிலை வேண்டாம்.

செய்யுள் பாடத்துக்கும் இப்படி வழி இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடிய பதிகத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பாட்டிமார் இந்த ஊரில் நிறைய. அதே வீட்டுப் பேரப்பிள்ளைக்குச் செய்யுளைச் சீர் பிரித்து வாசிக்க வராது. "ஒருநாள் பாட்டியிடம் அந்தப் பதிகத்தைப் பாடச் சொல்லி, எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று கவனித்து வா" என்று வேலை கொடுங்கள். தமிழில் வந்த மிகப் பழைய வரலாற்று நாவல்களில் ஒன்றான மோகனாங்கியை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். அதை ஒன்பதாம் ஆண்டுப் பெற்றோருக்கு ஒரு கிழமைச் செய்தியில் சொல்லிப் பாருங்கள். "எங்கட ஊர் ஆளா?" என்று கேட்பார்கள். அதுவரை வாயே திறக்காத அப்பாமார் கேட்கிற கேள்வி அது.

இப்படி வீட்டில் இருந்து வந்த பாட்டை வகுப்பில் பயன்படுத்தினால், அடுத்த செய்தியில் அதைச் சொல்லத் தவறாதீர்கள். "இந்தக் கிழமை ஒரு அம்மம்மா தந்த தாலாட்டைப் படித்தோம்" என்றால் போதும். யாருடைய அம்மம்மா என்று அவருக்குத் தெரியும்.

மத விடயம் வரும் பாடங்கள்

தமிழ் இலக்கியத்தில் தேவாரமும் வரும், சீறாப்புராணமும் வரும், தேம்பாவணியும் வரும். "எங்கட பிள்ளைக்கு ஏன் இதைப் படிப்பிக்கிறீங்க?" என்ற கேள்வி எந்தச் சமூகத்தில் இருந்தும் வரலாம். பாடம் தொடங்கிய பிறகு பதில் சொல்லப் போனால் அது சமாளிப்பாகத் தெரியும். முந்திய கிழமைச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்: "அடுத்த கிழமை சீறாப்புராணத்தில் ஒரு பகுதி படிக்கிறோம். உவமை, வருணனை, சொல்லழகு இவற்றைத்தான் பார்க்கப் போகிறோம். பரீட்சையிலும் அதுதான் வரும்." தொண்ணூறு வீதமான கேள்விகள் அங்கேயே அடங்கிவிடும். அதற்கு மேலும் வருத்தத்தோடு வருகிறவரை இருத்தித் தண்ணீர் கொடுத்து, பாடநூலையே கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாக்குவாதம் பண்ண வேண்டாம். தேவைப்பட்டால் அதிபரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

தவணைப் பரீட்சைக்குப் பிறகு

தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் பார்ப்பது ஒரு எண்ணும் ஒரு எழுத்தும். 75உம் அதற்கு மேலும் என்றால் ஏ, 35க்குக் கீழே என்றால் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. நடுவில் இருப்பதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. ஆகவே, சந்திப்பு நாளில் விடைத்தாளை மேசையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தாள் இல்லாமல் பேசினால் பேச்சு பிள்ளையின் குணத்துக்குப் போய்விடும். "சோம்பேறி, போனிலதான் இருக்கிறான்" என்று அவர் தொடங்க, நீங்களும் தலையாட்ட, பிள்ளை பக்கத்தில் நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

ஒரு பேச்சு இப்படிப் போகலாம்:

"சேர், இவன் தமிழில 38 எடுத்திருக்கிறான். வீட்டில வாயைத் திறந்தா மூடமாட்டான். பிறகேன் சேர் இப்பிடி?"

"அம்மா, இந்தத் தாளைப் பாருங்கோ. கதை நல்லா விளங்கியிருக்கு. இந்தக் கேள்வி ஏன் என்று கேட்குது. அவர் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறார். இங்க பாருங்கோ, 'அவள்' என்று எழுத வேண்டிய இடத்தில 'அவல்'. லகர ளகரம் இன்னும் பிடிபடேல்லை."

"அப்ப நான் என்ன சேர் செய்ய? எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கத் தெரியாது."

"நீங்க சொல்லிக் குடுக்க வேண்டாம், அம்மா. கிழமைக்கு ஒருக்கா வாசிக்கச் சொல்லிக் கேளுங்கோ. ஒரு கதை சொன்னாரெண்டா ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கோ. எழுத்துப்பிழையை நான் வகுப்பில பார்க்கிறேன்."

முதலில் பிள்ளைக்கு வருவது எது என்று சொல்கிறீர்கள், பிறகு வராதது எது என்று தாளிலேயே காட்டுகிறீர்கள், கடைசியில் யார் எதைச் செய்வது என்று பிரித்துக்கொள்கிறீர்கள். ண, ன, ந வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் அம்மாவின் தலையில் கட்டக்கூடாது. அது சம்பளம் வாங்குகிற நம் வேலை.

"தமிழ்தானே" என்கிற அப்பா வந்தால் பயமுறுத்த வேண்டாம். ஆனால் ஒரு உண்மையைச் சொல்லலாம்: சாதாரண தரத்தில் முதன்மொழியில் சித்தியடையாவிட்டால் உயர்தர வகுப்புக்குப் போவது சிக்கலாகிவிடும். பத்தாம் ஆண்டில் வந்து ஒரே மூச்சில் எழுதப் பழக முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு நாள் பார்ப்பது

வெளியூரில் இருந்து வந்தவர்களுக்கு அதிகம் சறுக்குகிற இடம் இது. நீங்கள் நாட்காட்டியைப் பார்த்து நாள் வைத்தால் பாதிக் கதிரை காலியாக இருக்கும்.

முஸ்லிம் பாடசாலையில் வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்மா. நோன்பு மாதத்தில் அந்தப் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பதால் தவணைத் திகதிகளே தமிழ்ப் பாடசாலைகளில் இருந்து வேறுபடும். பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் சொன்ன திகதியை நம்பிக் கடிதம் அடிக்காதீர்கள். தம்பலகாமம் போன்ற வயல் ஊர்களில் பெரும்போக அறுவடை நாட்களைத் தவிருங்கள். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வருகிற நாட்களில் பட்டினத்தில் யாரும் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. வெருகல் திருவிழாக் காலத்தில் மூதூர்ப் பக்கம் அப்படித்தான். கார்த்திகை, மார்கழி மழையில் குளங்கள் நிரம்பினால் சில ஊர்களுக்குப் பாதையே இருக்காது. சரி, எப்போதுதான் வைப்பது? பாடசாலையில் பல வருடமாக வேலை செய்கிற சிற்றூழியரையோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரையோ கேளுங்கள். அவர்கள் சொல்லுகிற நாளில் ஆட்கள் வருவார்கள்.

கூட்டத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அரைநாள் என்பது அரைநாட் சம்பளம். உரைகளைக் குறைத்து, நாலு பிள்ளைகளை எழுப்பி அவர்கள் எழுதியதை வாசிக்க விடுங்கள். நன்றாக எழுதும் பிள்ளைகள் மட்டும் வேண்டாம். தடுமாறி எழுதிய ஒரு பிள்ளையின் நாலு நல்ல வரிகளையும் வாசிக்கச் செய்யுங்கள், முதல்நாளே அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு. தமிழ்மொழித் தினப் போட்டிகளைப் பற்றியும் இதே கூட்டத்தில் சொல்லிவிடலாம். பேச்சு, பாவோதல், எழுத்தாக்கம் என்று பாடசாலை மட்டத்தில் தொடங்கி அகில இலங்கை மட்டம்வரை போவது. பயிற்சிக்குப் பிள்ளையைப் பின்னேரம் நிறுத்த வேண்டிவரும் என்பதையும் எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். கடைசி பஸ் போய்விட்டால் பிள்ளைக்கு வீடு போக வழியில்லாத ஊர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு.

வராதவர்களைக் குறை சொல்லி எழுதாதீர்கள். கூட்டத்தில் பேசியதை ஐந்து வரியில் அடுத்த நாள் அனுப்பினால் சரி.

தனியாகச் சொல்ல வேண்டியவை

சில விடயங்கள் கடிதத்துக்கும் குழுவுக்கும் உரியவை இல்லை. பிள்ளை திடீரென்று எழுதுவதை நிறுத்திவிட்டது, கட்டுரையில் வீட்டுச் சண்டையைப் பற்றி எழுதியிருக்கிறது, அல்லது எழுத்துக்கள் தலைகீழாகவே வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், பிறகு அதிபரோ ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரோ சொல்லும் வழியில் போங்கள். பிள்ளை நம்பி எழுதிய கட்டுரையை அம்மாவிடம் அப்படியே நீட்டிவிட்டால், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு "எனது பொழுதுபோக்கு தோட்டம் செய்தல்" என்றுதான் எழுதும். ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால் மட்டும் தாமதிக்காமல் அதிபரிடம் கொண்டு போங்கள்.

ஒரு சின்னக் கொப்பி

யாரோடு எப்போது என்ன பேசினீர்கள் என்று திகதி போட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்றாம் தவணையில் ஒரு அப்பா வந்து "எனக்கு ஒருவரும் சொல்லேல்லை" என்றால் சண்டை பிடிக்காமல் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். அதைவிட முக்கியம், யாரோடு ஒரு தடவைகூடப் பேசவில்லை என்பதும் அந்தக் கொப்பியில்தான் தெரியும். தவணை நடுவில் ஒருநாள் உட்கார்ந்து அந்தப் பெயர்களைப் பாருங்கள்.

இடமாற்றம் கிடைத்துப் போகும்போது அந்தக் கொப்பியில் அடுத்த தமிழ் ஆசிரியருக்குப் பயன்படும் பக்கங்களை மட்டும் படியெடுத்து வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்: எந்த வீட்டுக்குக் குரல் பதிவு, எந்த வீட்டில் அம்மம்மாவோடு பேச வேண்டும், யாரிடம் நல்ல பாட்டுகள் இருக்கின்றன. பெற்றோரின் இலக்கங்களை உங்கள் போனில் இருந்து அழித்துவிட்டு, குழுவில் இருந்தும் விலகிவிடுங்கள்.